கோடு போட்ட சீசா

வலது பக்கம் முடித்து, அண்ணனின் இடது கையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றும்போதுதான் அப்துல் வஹீது அந்தத் தடத்தைப் பார்த்தான். மணிக்கட்டைச் சுற்றிக் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை. தோல் இரண்டு இடங்களில் உரிந்திருந்தது. இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் அந்த உரிசல் மேல் பட்டு வழிந்து பலகையிலிருந்து சொட்டியது. செம்பைச் சாய்த்தபடியே அவன் நின்றுவிட்டான்.

"ஊத்து தம்பி" என்றார் சேக் இஸ்மாயில். கோரிப்பாளையத்தில் எந்த வீட்டில் மய்யித்து விழுந்தாலும் குளிப்பாட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"மாமு, இது என்ன?"

அவர் அந்தக் கையை அவனிடமிருந்து மெல்ல வாங்கி, துணிக்குள் விட்டுத் தேய்த்துக் கழுவினார். வலது கையை அவரே கழுவியிருந்தார். வஹீது அப்போது கவனிக்கவில்லை. இப்போது எட்டிப் பார்த்தான். அங்கேயும் இருந்தது. கீழ் உதடும் கிழிந்து, ரத்தம் உறைந்து கறுத்திருந்தது.

"கட்டிப் போட்டிருக்காங்க மாமு."

"குளிப்பாட்டுற எடத்துல கண்ணுல பட்டத வெளிய கொண்டுபோகக் கூடாது. ஒனக்குத் தெரியாததா? ஊத்து."

ஊற்றினான். ஆனால் கண் அந்தத் தடத்தை விட்டு வரவில்லை. இஸ்மாயில் மாமுவுக்கு ஏதோ தெரியும் என்று தோன்றியது. இல்லாவிட்டால் இவ்வளவு நிதானமாக அதைத் துணிக்குள் மறைப்பாரா? குளிப்பாட்டுவதற்கு முன்பே அவரை உள்ளே கூப்பிட்டு யாராவது பேசியிருப்பார்களா? பேசியிருந்தால் அது மதினியாகத்தான் இருக்க முடியும்.

அண்ணன் நூருல் அமீன் ட்ரங்குப் பெட்டி செய்கிறவர். வீட்டின் முன்பாதிதான் பட்டறை. தகரத்தை வெட்டி, மடித்து, ஈயம் வைத்து, பச்சை பெயிண்ட் அடித்து, மூடி மேல் ரோஜாப்பூ எழுதுவார். மதுரையில் கல்யாணமாகிப் போகிற பெண்களில் பாதிப் பேர் அவர் பெட்டியோடுதான் போனார்கள் என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அந்த ரோஜாவை எழுதுகிற கை, காலையில் ஒரு மடக்கு உள்ளே போகாவிட்டால் பிரஷ்ஷைப் பிடிக்காது என்ற விஷயம் ஆற்றுக்கு இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். இருபது வருஷப் பழக்கம். சத்தம் போட மாட்டார், சண்டைக்குப் போக மாட்டார், விழுந்து கிடக்க மாட்டார். குடிப்பார், வேலை பார்ப்பார், மறுபடியும் குடிப்பார். அவருடைய முதல் மனைவி அதைப் பார்த்துப் பார்த்தே போய்ச் சேர்ந்தாள். இரண்டாவதாக வந்தவள் மைதீன் பீவி. ராமநாதபுரத்துப் பக்கம். வந்த நாளிலிருந்தே வஹீதுக்கு அவளைப் பிடிக்கவில்லை. அதிகம் பேசாதவர்களை அவன் நம்புவதில்லை.

அண்ணன் இறந்த அன்று அவன் திண்டுக்கல்லில் இருந்தான். மதுரை டவுனில் அவனுக்குக் குடைக் கடை. மழைக்காலத்துக்கு முன்னால் வெளியூர்க் கடைகளுக்குச் சரக்குப் போட்டுவிட்டு வருவது வழக்கம். ஆள் வந்து சொல்லி, கிடைத்த முதல் ரயிலில் வந்து இறங்கியபோது, அண்ணன் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். ஊருக்குப் போகும் முன் நன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த மனிதர்.

கபன் துணி சுற்றுவதற்கு முன் அவன் உள் கதவுக்குப் போய்த் தன் மனைவி நஜ்முன்னிசாவைக் கூப்பிட்டான். அவள் அழுது வீங்கிய முகத்தோடு வந்து நின்றாள்.

"மதினி என்ன பண்றாங்க?"

"ஒக்காந்திருக்காங்க."

"அழுதாங்களா?"

நஜ்முன்னிசா கொஞ்சம் யோசித்தாள். "இல்லீங்க. நான் வந்ததுலருந்து பாக்குறேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரல. தண்ணி குடுத்தா வாங்கிக் குடிக்கிறாங்க, அம்புட்டுத்தான்."

"என்னமோ இருக்கு இதுல."

"சும்மா இருங்க. மய்யித்த வெச்சுக்கிட்டு."

மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்தபோது தோள் மாற்ற வந்த எதிர்வீட்டுப் பெட்டிக்கடைக்காரர் அவன் காதருகே குனிந்தார். "இப்பச் சொல்ல வேணாம்னுதான் நெனச்சேன். பிந்தி ஒனக்கு யாராச்சும் சொல்லி, நான் மறச்சதா ஆகக் கூடாது பாரு. நேத்து ஒங்க மதினிய செல்லூர் சாராயக் கடயில பாத்திருக்காங்க. பட்டப் பகல்ல. துப்பட்டி போட்டுக்கிட்டு, உள்ள போயி வாங்கிட்டு வந்திருக்காங்க."

வஹீதின் கால் ஒரு நடை பிசகியது. சந்தூக்கு ஆடியது. பின்னால் வந்தவர்கள் கலிமாவைச் சற்று உரக்கச் சொன்னார்கள்.

உப்புக்காகத் தொண்டர்கள் ஜெயிலுக்குப் போனதற்கு மறு வருஷம் அது. ஊரெங்கும் கள்ளுக்கடை, சாராயக் கடை வாசல்களில் மறியல். வஹீதும் இரண்டு மூன்று தடவை கொடி பிடித்து நின்றான். அப்படி நின்ற ஒரு நாளில் கடைக்குள் போன ஒருவன் திரும்பிப் பார்த்து, "ஒங்க அண்ணன நிப்பாட்டிட்டு வந்து எங்கள நிப்பாட்டுங்க பாய்" என்று சொல்லிவிட்டுப் போனான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்போது வஹீதுக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் அண்ணன் குடியை விட்டுவிட்டதாகத்தான் அவன் நினைத்திருந்தான். பங்குனியிலிருந்து அவர் கடைப் பக்கம் போவதில்லை. முகம் தெளிந்திருந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகையில் இவனோடு ஒரே வரிசையில் நின்றார். ஆனாலும் அந்தச் சிரிப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போனான். முன்னறிவிப்பில்லாமல் போனான். பட்டறையில் பெட்டிக்கு மூடி பொருத்திக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்தான். வாடை வந்தது. லேசாகத்தான். ஆனால் வந்தது.

தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல எழுந்து அடுப்படிக்குள் போனான். மாவு டின்னுக்குப் பின்னால் இருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றிக் கொடுக்கிற சீசா. பக்கவாட்டில், வேளைக்கு எவ்வளவு என்று காட்டுவதற்காகப் பல் பல்லாக வெட்டி ஒட்டிய காகிதம். தக்கையைப் பிடுங்கி மோந்து பார்த்தான். சாராயம்.

"அது மருந்து தம்பி" என்றாள் பின்னால் வந்து நின்ற மைதீன் பீவி.

அந்த ஒரு சொல்தான் அவனைக் கிளப்பிவிட்டது. ஊரை ஏமாற்ற மருந்து சீசா. அவர் கடைக்குப் போனால் நாலு பேருக்குத் தெரியும், திட்டுவார்கள், திருந்துவார். வீட்டுக்குள்ளேயே ஊற்றிக் கொடுத்தால் யார் கேட்பது? குடித்துக் கிடக்கிறவனைத்தான் இஷ்டத்துக்கு ஆட்டி வைக்கலாம். அவள் திட்டம் இதுதான் என்று அவனுக்கு அந்த நிமிஷத்தில் தெளிவாகத் தெரிந்தது. சீசாவைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தான். காலிச் சீசாவைக் கல்லில் அடித்து உடைத்தான். அவள் இரண்டு தடவை "தம்பி, தம்பி" என்றாள். மேற்கொண்டு பேசவிடாமல் அவன் பட்டறைக்கு வந்தான்.

"வஹீது, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுடா" என்றார் நூருல் அமீன்.

"ஒண்ணும் கேக்க வேணாம்ணே. இம்புட்டு நாளும் கேட்டது போதும். விடுறதுன்னா ஆம்பளயா ஒரேயடியா விடுங்க. என் தல மேல கைய வெச்சுச் சொல்லுங்க, இனிமே ஒரு சொட்டுத் தொட மாட்டேன்னு."

அண்ணன் அவனைப் பார்த்தார். பிறகு நிலைப்படியில் நின்ற மனைவியைப் பார்த்தார். பிறகு ஈயக்கறை படிந்த வலது கையை எடுத்து அவன் தலையில் வைத்தார். அந்தக் கை நடுங்கியது. மனம் வருந்துகிறார் என்று வஹீது நினைத்துக்கொண்டான்.

"தொட மாட்டேன்" என்றார்.

திரும்பிப் போகிற வழியில் யார் வாங்கிக்கொண்டு வந்து தருகிறார்கள் என்றும் விசாரித்துத் தெரிந்துகொண்டான். கீழக்குயில்குடிக்காரன் சங்கிலி. பெட்டிகளை டவுனுக்கு ஏற்றிப் போகிற மாட்டுவண்டிக்காரன். அவனைப் பாலத்தடியில் பிடித்து, இனிமேல் அந்த வீட்டுப் படியை மிதித்தால் போலீசில் பிடித்துக் கொடுப்பேன் என்று மிரட்டிவிட்டுத்தான் வஹீது ஊருக்குப் போனான். நிம்மதியாகப் போனான். திண்டுக்கல்லில் ஒரு கடைக்காரரிடம், "எங்க அண்ணன் சுத்தமா விட்டுட்டாரு" என்று அவர் கேட்காமலே சொன்னான்.

இப்போது அந்தக் கை மண்ணுக்குள் போய்விட்டது. மூன்று பிடி மண் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, மையவாடிச் சுவருக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுச் சங்கிலி நிற்பதைப் பார்த்தான். துஆ முடிந்து கூட்டம் கலைந்ததும் நேராக அவனிடம் போனான். சங்கிலி ஓடவில்லை. தலையில் துண்டு இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எங்க அண்ணன் கையில தடம் இருக்கு."

"கட்டுனது நான்தான் சின்னவரே."

வஹீது அவன் சட்டையை எட்டிப் பிடித்தான், சங்கிலி விலகவில்லை.

"பீவியம்மா ஆளு விட்டாக. நீங்க மெரட்டுனதால நான் மொதல்ல போகல. மறுபடியும் ஆளு வந்துச்சு, போனேன். பாய் செவுத்தப் பாத்து ஒக்காந்துக்கிட்டு, எறும்பு எறும்புன்னு வெரலால நோண்டிக்கிட்டே இருந்தாரு. செவுத்துல ஒண்ணுமில்ல. ஒடம்பெல்லாம் வேர்வ. என்னயப் பாத்து, யாரு எங்க அத்தாவான்னு கேட்டாரு. அப்பறம் தன் கையிலயும் எறும்பு ஏறிருச்சுன்னு பிச்சுக்க ஆரம்பிச்சாரு. தகரம் வெட்டுற கத்திரிய எடுக்கப் போனாரு. புடிச்சு நிறுத்த ஒத்த ஆளாலயா ஆகும்? பீவியம்மாதான் கட்டச் சொன்னாக. என் தலத்துண்ட ரெண்டாக் கிழிச்சுக் கட்டினேன். அம்புட்டுத்தான் நான் செஞ்சது."

"நல்லா இருந்த மனுசன். திடீர்னு எப்படி இப்பிடி ஆகும்?"

சங்கிலி வண்டி மாட்டைப் பார்த்தான். "எங்க ஊர்ல இப்பிடிக் கெடந்தா, யாரோ மருந்து வெச்சுட்டாகன்னு சொல்லுவாக."

"யாரு வெச்சது?"

"எனக்கென்ன தெரியும்? அந்த வீட்டுல ரெண்டு பேருதான இருந்தாக."

சொல்லிவிட்டு, சொன்னது அதிகமாகிவிட்டதோ என்று பயந்தவன் போல் வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

வஹீது அங்கேயே நின்றான். தனித்தனியாகக் கிடந்ததெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. சீசாவை உடைத்ததில் அவளுக்கு வந்த கோபம். பட்டப்பகலில் கடைக்குப் போய் வாங்கிய சாராயம். அதில் எதையோ கலந்திருக்கிறாள். புத்தி கலங்கியதும் வெளியே தெரியாமல் கட்டிப் போட்டிருக்கிறாள். அழாத கண். நாளைக்கே ஜமாஅத்தைக் கூட்டலாம். அவர்கள் மூடி மறைத்தால் போலீசுக்குப் போகலாம். ஆனால் அதற்கு முன்னால் அவள் வாயாலேயே ஒரு வார்த்தை வரவேண்டும்.

வீட்டுக்குத் திரும்பியபோது வெயில் தணிந்திருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய சோறும் பருப்பாணமும் மூடி வைத்திருந்தார்கள். நஜ்முன்னிசா சாப்பிடச் சொன்னாள். இந்த வீட்டில் தண்ணீர்கூட வேண்டாம் என்றான். வந்த பெண்களில் பெரும்பாலோர் போயிருந்தார்கள். உள்ளறை வாசலில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். மைதீன் பீவி இத்தாவில் உட்கார்ந்துவிட்டாள். இனி நாலு மாதத்துக்கு மேல் அவள் அந்தத் திரைக்கு அப்பால்தான். வஹீது இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தான்.

"மதினி. ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க தம்பி."

"செல்லூர்க் கடைக்குப் போனீங்களா?"

"போனேன்."

மறுப்பாள் என்று எதிர்பார்த்திருந்தான்.

"எதுக்கு?"

"சாராயம் வாங்க. சங்கிலி வரல. அக்கம்பக்கத்துல போயி யாரக் கேக்குறது? நானே போனேன். வாசல்ல மறியல் பண்ற பிள்ளைங்க கையக் கோத்துக்கிட்டு நின்னாங்க. ஒருத்தன் ஓடியாந்து, வேணாந்தாயின்னு கால்ல விழுந்தான். அவனத் தாண்டித்தான் போனேன்."

"என்னத்தக் கலந்து குடுத்தீங்க?"

"என்னங்க இது" என்று உள்ளேயிருந்து நஜ்முன்னிசாவின் குரல் வந்தது.

"கேக்கட்டும்" என்றாள் மைதீன் பீவி. குரல் உயரவில்லை. "ஒண்ணும் கலக்கல தம்பி. அவரு குடிக்கவே இல்ல."

வஹீது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பங்குனி மாசம் அவர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அவராத்தான் கூப்புட்டாரு. விட்டுரணும், நீ கூட வான்னாரு. டாக்டர் வயித்த அமுக்கிப் பாத்தாரு, நாக்க நீட்டச் சொன்னாரு. இம்புட்டு வருசம் ஊறுன ஒடம்பு, திடீர்னு நிப்பாட்டுனா தாங்காது, வலிப்பு வரும், உசுருக்கே மோசம்னாரு. வீட்டுலயே வெச்சு, அளந்து குடுத்து, வாரத்துக்கு ஒரு கோடா கொறச்சுட்டு வாங்கன்னாரு. சீசாவும் அவங்க குடுத்ததுதான். எட்டுக் கோடு. மொத ரெண்டு வாரம் ரொம்பக் கஷ்டப்பட்டாரு. அப்பறம் பழகிருச்சு. காலையில பிரஷ்ஷ எடுத்துக் காட்டுவாரு, பாரு, ஆடலன்னு. நீங்க கொட்டுன அன்னிக்கு மூணு கோட்டுல நின்னுச்சு."

தெருவில் யாரோ ஆட்டை விரட்டிக்கொண்டு போனார்கள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவருதான் வேணாம்னாரு. முழுசா விட்டதுக்கப்பறம் தம்பிகிட்டப் போயி நிப்பேன், அதுவரைக்கும் சொல்லாதன்னாரு. ஒங்ககிட்டத் தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சொல்ல அவருக்குப் புடிக்கல."

"நான் கொட்டுனப்பவாச்சும்..."

"சொல்ல வந்தேன். மறுநாள் கை நடுக்கம் வந்துச்சு. அதுக்கு மறுநாள் எறும்பு எறும்புன்னாரு. அப்பத்தான் கடைக்குப் போனேன். வாங்கிட்டு வந்து, சங்கிலி புடிச்சுக்க, வாயில ஊத்தப் பாத்தேன். பல்லக் கடிச்சுக்கிட்டாரு. ஒதடு கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு, அப்பயும் வாயத் தெறக்கல. நான் யாருன்னு தெரியல அவருக்கு. எந்த ஊர்ல இருக்கோம்னு தெரியல. அது மட்டும் மறக்கல. தம்பி தலையில கைய வெச்சுட்டேன், குடிச்சா அவனுக்கு ஏதாச்சும் ஆயிரும்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் சங்கிலி வண்டிய எடுத்துட்டு வரப் போனான். அவன் வர்றதுக்குள்ள வலிப்பு வந்துருச்சு."

திரைக்குப் பின்னால் நஜ்முன்னிசா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

இதெல்லாம் நீங்க சொல்றதுதான, நான் எப்படி நம்புறது என்று ஒரு வாக்கியம் வஹீதின் நாக்கு வரை வந்தது. டாக்டரிடம் போய்க் கேட்கலாம். மறியல் செய்கிற பையன்களைக் கேட்கலாம். சங்கிலி ஏன் சாராயத்தைப் பற்றிச் சொல்லவில்லை என்று கேட்கலாம். சாராயத்தோடு அந்த வீட்டுப் படியை மிதித்தால் போலீசில் கொடுப்பேன் என்று அவனை மிரட்டியது யார் என்பதும் உடனே ஞாபகத்துக்கு வந்தது. சந்தேகப்பட இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று மனசு மூலை மூலையாகத் துழாவியது. ஒவ்வொரு மூலையிலும் கை வெறுமனே திரும்பி வந்தது. அவன் தன்னை அறியாமல் உச்சந்தலையைத் தொட்டான். தொப்பி சூடாக இருந்தது. கையை எடுத்துவிட்டான்.

"மதினி" என்றான்.

"சாப்புடுங்க தம்பி. காலையிலருந்து ஒண்ணும் சாப்புடலன்னு நஜ்மு சொன்னா."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சோழவந்தானிலிருந்து பெரியத்தா வந்திருந்தார். தகப்பனாரின் அண்ணன், வயசானவர், காது கொஞ்சம் மந்தம். மையவாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, கால் வெள்ளைப் புழுதியோடு நேராக வருகிறார். வஹீது எழுந்து சலாம் சொன்னான். அவர் அவனை இழுத்துக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். நஜ்முன்னிசா தட்டை நீட்டினாள். வஹீது எதிரில் வைத்துச் சோற்றைப் பரிமாறினான்.

"என்னடா ஆச்சு வஹீது? ரமலான்ல பாத்தப்ப நல்லாத்தான இருந்தான்? என்ன சீக்கு?"

வஹீது வாயைத் திறந்தான். பெரியத்தா காதைச் சாய்த்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல் மாமா" என்று திரைக்குப் பின்னாலிருந்து மைதீன் பீவி கொஞ்சம் உரக்கச் சொன்னாள், அவர் காதுக்கு எட்டும்படி. "கடுங்காய்ச்சல். தலைக்கு ஏறிருச்சு. தம்பி ஊர்ல இல்லாதப்ப வந்துருச்சு."

"அதானே." பெரியத்தா தலையாட்டினார். சோற்றைப் பிசைந்தார். "இவன் இருந்திருந்தா எப்பிடியாச்சும் தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பான். அண்ணன்னா உசுரு இவனுக்கு. சின்னதுலருந்தே அப்பிடி."

திரை அசையவில்லை.

வஹீது உப்புக் கிண்ணத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தான். அவர் உப்புக் கேட்கவில்லை. பிறகு அதை இன்னும் கொஞ்சம் நகர்த்தினான், தட்டில் போய் இடிக்கும் வரை.